போலீஸ் கூப்பிட்டா பைக்கோட போலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, கம்பம் பக்கத்துல போலீஸ் நடத்துன ஒரு நாள் பைக் பாதுகாப்பு முகாமுக்கு நான் போய்ட்டு வந்தத பத்தி நாலே நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு கூடலூர், லோயர் கேம்ப், குமுளி, போடின்னு தமிழ்நாடு-கேரளா எல்லைய ஒட்டி இருக்கற ஊருங்கள்ல இருந்து இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. மலை ஏறி இறங்கி பொழைக்கிற சனங்க நம்ம, தெனமும் ரெண்டு மாநிலத்து ரோட்டுல வண்டி ஓட்டுறோம், அதனால இந்த தடவ பகுதி முழுக்க இந்த ஒரு விஷயத்துக்கே குடுத்துட்டேன். பேர் போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் இருக்கு.

கேள்வி: அண்ணே, போலீஸ்காரங்களே பைக்க எடுத்துட்டு வாங்கன்னு கூப்பிட்டா அங்க போனதும் ஆர்சி புக்க காட்டு, இன்சூரன்ஸ காட்டுன்னு ஃபைன் போட மாட்டாங்களா? எனக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. போலாமா வேணாமா? (ஏலத்தோட்டத்துல வேல பாக்குற வாசகர், கூடலூர்)

தம்பி, நான் போன அன்னிக்கு யார்கிட்டயும் பேப்பர் கேக்கல. பேர், ஊர், வண்டி நம்பர், ரத்த வகை, இவ்ளோதான் எழுதிக்கிட்டாங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருக்கும்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது, பேர் குடுக்கும்போதே வாயத் தொறந்து கேட்டுடுங்க, அதுல தப்பே இல்ல.

ஆனா நீங்க பயப்பட வேண்டியது அந்த முகாமுக்கு இல்ல, இன்சூரன்ஸ் இல்லாம நீங்க தெனமும் மலை ஏறுறீங்க பாருங்க, அதுக்குத்தான். மாட்டுனா முதல் தடவ 2,000 ரூபா, அத கட்டிட்டு வந்துடலாம். ஆனா நாளைக்கு உங்க வண்டி யாரையாவது இடிச்சு அவருக்கு கால் போச்சுன்னா, நஷ்டஈடு கேஸ் நேரா உங்க தலைமேல வரும், கம்பெனி கட்ட வேண்டியத நீங்க கட்டணும், அதுக்கு உங்க வீடு, தோட்டம், பொண்டாட்டி தாலிக்கொடி எல்லாம் சேந்தாலும் பத்தாது. மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டாக்கூட போதும், முதல் வேலையா அத முடிங்க. பேப்பர எல்லாம் கைல தூக்கிட்டு திரிய வேண்டியதில்ல, போன்ல டிஜிலாக்கர், எம்பரிவாஹன்னு அரசாங்க ஆப் இருக்கு, அதுல வச்சிருந்தா ரெண்டு மாநிலத்துலயும் செல்லும். அப்புறம் முகாமுக்கு கண்டிப்பா போங்க.

கேள்வி: ஒரு நாள் முழுக்க அங்க அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? நான் 22 வருசமா பைக் ஓட்டுறேன், எனக்கு தெரியாததா அவங்களுக்கு தெரிஞ்சிருக்க போவுது? (வாசகர், கம்பம்)

நானும் உங்கள மாதிரிதான் நெனச்சுட்டு போனேன் அண்ணே, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

ஒம்பது மணிக்கு ஒரு ஸ்கூல் கிரவுண்ட்ல வரச் சொன்னாங்க, ஒரு நாப்பது பேர் இருப்போம், பால் ஊத்துறவங்க, கொரியர் பசங்க, திராட்சத் தோட்டத்துக்கு மருந்தடிக்க போறவங்க, மலைக்கு வேலைக்கு போறவங்க, ரெண்டு வாத்தியார். முதல்ல ஒவ்வொரு வண்டியா பாத்தாங்க. டயர்ல காத்து, டயர் தேய்மானம் (டயர் ஓரத்துல டிடபிள்யூஐன்னு போட்டிருக்கும், அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள ஒரு சின்ன மேடு இருக்கும், டயர் அந்த மேடு வரைக்கும் தேஞ்சிருச்சுன்னா மாத்தணும்), செயின் தொய்வு, பிரேக் லிவர் எவ்ளோ தூரம் உள்ள போவுது, இண்டிகேட்டர். என் வண்டில முன் பிரேக்க புடிச்சா பின்னாடி சிவப்பு லைட்டு எரியல. ஸ்விட்ச் செத்துப் போய் எத்தன மாசம் ஆச்சோ, எனக்கே தெரியாது. பின்னாடி உக்காந்து நம்ம லைட்ட நம்ம பாக்கவா போறோம்? ராத்திரி மலை இறங்கும்போது எனக்குப் பின்னாடி வந்த ஜீப்புக்கு நான் பிரேக் அடிக்கிறதே தெரியாமத்தான் அத்தன நாள் ஓட்டியிருக்கேன். அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

அடுத்து ஒரு எஸ்.ஐ. வந்தாரு, ஐம்பது வயசு இருக்கும். அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதுல இருக்கு. "ஓட்டத் தெரிஞ்சுதான் எல்லாரும் வந்திருக்கீங்க, நிறுத்தத் தெரியுமான்னு பாப்போம்"னாரு. சுண்ணாம்புல ஒரு கோடு போட்டிருந்தாங்க, நாப்பதுல வந்து அந்தக் கோட்ட தொட்டதும் பிரேக் அடிக்கணும், எங்க நிக்கிதோ அங்க ஒரு கோன். என் முறை வந்துச்சு, கோட்ட தொட்டேன், வலது கால வச்சு பின் பிரேக்க ஒரே மிதி, சக்கரம் பூட்டிக்கிட்டு வால் ஆட்டிட்டு எங்கயோ போய் நின்னுச்சு. எனக்கு மட்டும் இல்ல, நாப்பது பேர்ல முக்கால்வாசி பேருக்கு இதே கதைதான். ஏன்னா குரங்கு பெடல் போட்ட காலத்துலயே நமக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு, "முன் பிரேக்க தொடாதடா, குப்புற விழுவ". சைக்கிள்ல கேட்ட அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு முப்பது வருசம் மோட்டார் வண்டி ஓட்டிட்டு இருக்கோம்.

அந்த எஸ்.ஐ. சொன்னது இதுதான்: பிரேக் அடிச்ச உடனே வண்டியோட பாரம், நம்ம பாரம் எல்லாம் முன்னாடி போகுது, முன் டயர் ரோட்ட அழுத்திப் புடிக்குது, பின் டயர் லேசாயிடுது. அப்ப நிறுத்தற சக்தி பெரும்பாலும் முன்னாடிதான் இருக்கு, அத தொடாம பின்னாடி மட்டும் மிதிச்சா லேசான சக்கரம் பூட்டிக்கிட்டு சறுக்கும். ரெண்டையும் சேத்து புடிக்கணும், முன் பிரேக்க வெடுக்குன்னு இழுக்காம எலுமிச்சம்பழத்த புழியற மாதிரி முதல்ல மெதுவா அப்புறம் போகப்போக இறுக்கமா. வண்டி நேரா நிமிந்து இருக்கும்போது இது, வளைவுல சாஞ்சிருக்கும்போதோ மணல் கெடக்குற எடத்துலயோ முன் பிரேக்க இறுக்குனா விழுவீங்க, அதனால வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சுடணும். அஞ்சாவது தடவ நான் நின்ன எடம், முதல் தடவ நின்ன தூரத்துல கிட்டத்தட்ட பாதி. அதே வண்டி, அதே டயர், அதே ஆளு.

இன்னொரு கணக்கும் சொன்னாங்க. நாப்பது கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 11 மீட்டர். மாடு குறுக்க வருதுன்னு கண்ணு பாத்து மூளை சொல்லி கை பிரேக்க தொடவே ஒரு செகண்ட் ஆகும்னு வைங்க, பிரேக்கே புடிக்காம 11 மீட்டர் போயாச்சு. அறுபதுன்னா பதினாறே முக்கால் மீட்டர் கிட்ட. அதுக்கு மேலதான் பிரேக் தூரமே ஆரம்பிக்குது, அதுவும் வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் தூரம் நாலு மடங்கு.

லைசென்ஸ் எடுக்கும்போது நம்மள எட்டு போடச் சொன்னாங்க, கேரளா பக்கமும் எட்டுதான். கால ஊனாம எட்டு போட்டா பாஸ். வேகமா வந்து நிறுத்திக் காட்டுன்னு எனக்கு யாருமே சொன்னதில்ல, உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? உங்க 22 வருசத்த நான் கொறச்சு சொல்லல அண்ணே, ஆனா அந்த 22 வருசத்துல ஒரு தடவயாவது காலி கிரவுண்ட்ல முழு பிரேக் அடிச்சுப் பழகியிருக்கீங்களான்னு மட்டும் யோசிங்க.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நம்ம பின்னாடியே பைக்ல வந்தாரு, நாம வழக்கமா ஓட்டுற மாதிரி ஓட்டணும், திரும்பி வந்ததும் எங்க தப்பு பண்ணோம்னு தனியா கூப்பிட்டு சொன்னாரு. பிரிட்டன்ல போலீஸ் நடத்துற பைக்சேஃப்னு ஒரு திட்டத்துல முக்கியமான பகுதியே இதுதான், போலீஸ் பின்னாடி வந்து பாத்து சொல்றது. என்கிட்ட சொன்னது: "சார், நீங்க கண்ணாடிய பாக்கவே இல்ல." உண்மைதான்.

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு குமுளி, கூடலூர்ல ஒரு ஜவுளிக் கடைல வேல. தெனமும் ஸ்கூட்டர்ல மலை இறங்குறேன். லோயர் கேம்ப் வர்றதுக்குள்ள பிரேக் கருகுற வாசன வருது, லிவர் சும்மா உள்ள போவுது, மெக்கானிக்கிட்ட காட்டுனா எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாரு. பயமா இருக்கு. (வாசகி, குமுளி)

தங்கச்சி, உங்க பயம் நியாயமான பயம், மெக்கானிக் சொல்றதும் பொய் இல்ல. அவர் கடைக்கு வண்டி வர்றதுக்குள்ள பிரேக் ஆறிடும், ஆறுனதும் பழையபடி புடிக்கும். கோளாறு பாகத்துல இல்ல, சூட்டுல.

மேல இருந்து இறங்குற வண்டிக்கு எவ்ளோ சக்தி இருக்கோ அது எங்கயாவது போய்த்தான் ஆகணும், நீங்க விடாம பிரேக்க புடிச்சுட்டே வந்தா அது அத்தனையும், சக்கரத்த உரசி நிறுத்தற பிரேக் ஷூல சூடா மாறுது. நெறைய ஸ்கூட்டர்ல பின்னாடி டிரம் பிரேக், மூடுன சட்டி மாதிரி, உள்ள இருக்கற சூடு சீக்கிரம் வெளிய போகாது. சூடு ஏறுனா ஷூவோட புடி போயிடும், டிரம்மும் லேசா விரியும், அதான் லிவர் சும்மா உள்ள போவுது. அந்த வாசன வந்தாலே வண்டி உங்ககிட்ட கெஞ்சுதுன்னு அர்த்தம்.

கியர் வண்டிக்கு ஒரு பழைய விதி இருக்கு, எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கு. ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே புடிச்சு இழுக்கும், பிரேக்குக்கு பாதி வேலைதான். ஸ்கூட்டர்ல கியர் இல்லாததால இன்ஜின் இழுக்கவே இழுக்காதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது முழுசா சரியில்ல. ஆக்ஸிலேட்டர விட்டாலும் ஓரளவு வேகம் இருக்கற வரைக்கும் உள்ள கிளட்ச் புடிச்சுட்டுதான் இருக்கும், லேசா இழுக்கும். ரொம்ப மெதுவா வந்துட்டா கிளட்ச் விட்டுடும், அப்ப வண்டி சுதந்திரமா உருள ஆரம்பிக்கும், அந்த நேரத்துல ஒரு சின்னதா ஆக்ஸிலேட்டர் குடுத்தா மறுபடி புடிச்சுக்கும். நேரான எடமா பாத்து ஒரு தடவ செஞ்சு பாருங்க, கைக்கே தெரியும். ஆனா சரிவு கடுமையா இருக்கற எடத்துல இத மட்டும் நம்பாதீங்க.

பிரேக்க விடாம தேய்ச்சுட்டே வராதீங்க. வளைவுக்கு முன்னாடி ரெண்டு லிவரையும் சேத்து உறுதியா புடிச்சு வேகத்த நல்லா கொறச்சுட்டு விட்டுடுங்க, அது கொஞ்சம் ஆறட்டும், மறுபடி புடிங்க. மலை உச்சிலயே மெதுவா ஆரம்பிங்க, வேகம் எடுத்த பிறகு அடக்குறதுக்குத்தான் ஜாஸ்தி சூடு. இடது லிவர மட்டும் புடிக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. 125 சிசி வரைக்கும் இப்ப வர்ற வண்டிங்கள்ல ஒரு லிவர புடிச்சா ரெண்டு சக்கரமும் சேந்து புடிக்கிற சிபிஎஸ், இல்லன்னா சக்கரம் பூட்டாம பாத்துக்கற ஏபிஎஸ் இருக்கணும்னு 2019 ஏப்ரல்ல கட்டாயம் ஆக்குனாங்க, அதுக்கு மேல போனா ஏபிஎஸ்தான். ஆனா சிபிஎஸ்ல முன் பிரேக் கொஞ்சமாத்தான் சேரும், முழுசா நிக்கணும்னா வலது கையும் வேணும்.

வாசன வந்துட்டா, அந்த பெரிய தண்ணிக் குழாய் தெரியற பக்கம் அகலமான எடமா பாத்து ஓரங்கட்டி பத்து நிமிசம் நில்லுங்க. தண்ணிய ஊத்தாதீங்க, சூடான இரும்புல தண்ணி ஊத்துனா வெடிப்பு விடும். பெட்ரோல் மிச்சம்னு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டிட்டு வர்ற பழக்கம் நம்ம பக்கம் நெறைய ஆம்பளைங்ககிட்ட இருக்கு, அத ஒரு நாளும் செய்யாதீங்க. மிச்சமாகுறது பத்து ரூபா.

மெக்கானிக்கிட்ட இப்படி கேளுங்க: "ஷூ எவ்ளோ தேஞ்சிருக்கு, கழட்டி காட்டுங்க, கேபிள் எத்தன நாளா மாத்தல?" டிஸ்க் பிரேக் வண்டின்னா பிரேக் ஆயில் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்தணும், அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், சூட்டுல அந்த ஈரம் ஆவியாகி லிவர் பஞ்சு மாதிரி ஆயிடும்.

அடுத்த முகாம் எப்ப நடந்தாலும் நீங்க அவசியம் வாங்க, உங்க கேள்விய அங்கயே அவங்க முன்னாடி கேளுங்க. மலைல இறங்குறத பத்தி எங்க முகாம்ல பத்து நிமிசம்தான் பேசுனாங்க, அது ஒரு கொறைதான், நம்ம ஊருக்கு அதுதான் முதல் பாடமா இருக்கணும்.

கேள்வி: என் பையனுக்கு 16 வயசு. வண்டி நல்லா ஓட்டுவான். டியூசனுக்கு மட்டும் குடுத்து அனுப்பலாமா? அந்த முகாமுக்கு கூட்டிட்டுப் போனா ஒத்துப்பாங்களா? (வாசகி, உத்தமபாளையம்)

வேணாம்மா. 16 வயசுக்கு சட்டம் விடுறது 50 சிசிக்குள்ள இருக்கற வண்டி மட்டும், அதுவும் லைசென்சோட, அந்த மாதிரி வண்டி கடைல இப்ப எங்க கெடைக்குது? உங்க வீட்டு வண்டிய ஓட்டி மாட்டுனா 2019 திருத்தச் சட்டப்படி அப்பா அம்மாவுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபா அபராதமும் மூணு வருசம் வரை ஜெயிலும், வண்டி பதிவு ஒரு வருசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. முகாமுக்கு பாக்குறதுக்கு கூட்டிட்டு வாங்க, பின்னாடி உக்கார வச்சு, ஹெல்மெட் போட்டு.

கேள்வி: தமிழ்நாட்டு பக்கம் நான் மட்டும் ஹெல்மெட் போட்டா விட்டுடறாங்க, குமுளி தாண்டுனா பின்னாடி உக்காந்திருக்கற வீட்டுக்காரிக்கும் கேக்கறாங்க. ஏன் இந்த வித்தியாசம்? ரோட்டோரம் 300 ரூபாய்க்கு விக்கிறது ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா போதுமா? (வாசகர், கம்பம்)

சட்டம் ஒண்ணுதான் அண்ணே. 1988 மோட்டார் வாகன சட்டம் 129வது பிரிவு, ஓட்டுறவங்களுக்கும் பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ரெண்டு பேருக்கும் கட்டாயம், குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அதே சட்டம்தான். புடிக்கிறதுல வேற வேற பழக்கம், அவ்ளோதான். கேரளாவுல 2023 ஜூன்ல இருந்து கேமராவே பாத்து வீட்டுக்கு சலான் அனுப்புது.

ஆனா கேக்கிறாங்களா கேக்கலயாங்கறத விடுங்க. வண்டி விழுந்தா உங்க கைலயாவது ஹேண்டில் பார் இருக்கும், பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து பைய மடில வச்சிருக்கற அக்காவுக்கு புடிக்க என்ன இருக்கு? 2022ல நாடு முழுக்க ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர், அதுல நூத்துக்கு நாப்பத்துநாலுக்கு மேல ரெண்டு சக்கர வண்டில போனவங்க. ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல. நல்ல ஹெல்மெட் சாவு அபாயத்த 42 சதவீதமும் தலைக்காயத்த 69 சதவீதமும் கொறைக்குதுன்னு பல நாட்டு ஆய்வுகள சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க.

300 ரூபா ஹெல்மெட்ட முகாம்ல எங்க கண்ணு முன்னாடி வெட்டிக் காட்டுனாங்க. உள்ள வெறும் பஞ்சும் ஒரு துணியும். நல்ல ஹெல்மெட்ல ஓட்டுக்கு உள்ள தெர்மாகோல் மாதிரி கெட்டியா ஒரு அடுக்கு இருக்கும், அடி விழும்போது அதுதான் நசுங்கி அந்த அடிய வாங்கிக்குது, உங்க மண்டைக்கு போறது கொறையுது. அது ஒரு தடவ நசுங்குனா திரும்ப எழும்பாது, அதனாலதான் ஒரு தடவ பலமா அடிபட்ட ஹெல்மெட், வெளிய கீறல் இல்லன்னாலும் மாத்தணும்ங்கறது. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151ங்கற நம்பரும் பாருங்க, 2021 ஜூன்ல இருந்து அது இல்லாம விக்கவே கூடாது. போலி ஸ்டிக்கரும் இருக்கு, அதனால ரோட்டோரம் வேணாம், பில் குடுக்கற கடைல வாங்குங்க. போட்டு வாரக் கட்டி தலைய ஆட்டுனா ஹெல்மெட் தனியா ஆடக் கூடாது, பின்பக்கமா புடிச்சு முன்னாடி தள்ளுனா கழண்டு வரக் கூடாது. வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைய விட்டு முதல்ல பறந்துடும், அத போட்டதும் போடாததும் ஒண்ணு.

பூ நசுங்கும், கொண்ட கலையும்னு எங்க வீட்லயும் சொன்னாங்க. இப்ப பூவ பைல வச்சுட்டு போய் எறங்குன பிறகு வைக்கிறாங்க. நாலு வயசுக்கு மேல இருக்கற புள்ளைங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், அதுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு ஓட்டுறவர் ஒடம்போட சேத்துக் கட்டுற பெல்ட்டு, சின்ன ஹெல்மெட்டு, வேகம் நாப்பதுக்குள்ள, இது 2023 பிப்ரவரில இருந்து நடைமுறை. டேங்க் மேல புள்ளைய உக்கார வச்சுட்டு போற அப்பாமார நான் தெனமும் பாக்குறேன், தயவு செஞ்சு நிறுத்துங்க.

கேள்வி: காலைல அஞ்சு மணிக்கு கம்பம் மெட்டு வழியா ரெண்டு பேரா பைக்ல தோட்டத்துக்கு போறோம். மூடுபனில ஒண்ணுமே தெரியல, ஜீப்புங்க வேற வளைவுல நடு ரோட்டுல வருது. எப்படி சமாளிக்கிறது? (வாசகர், கம்பம் புதுப்பட்டி)

அந்த ரோட்ட எனக்கு நல்லா தெரியும், கீழ காஞ்சு கெடக்கும், பாதி ஏறுனா சாரல், மேல போனா பனி, ஒரே பயணத்துல மூணு பருவம். ஆடி மாசத்துல கம்பத்துல வெயில பாத்துட்டு மழைக்கோட்டு எடுக்காம போய் மேல நனைஞ்சவங்க எத்தனையோ பேர்.

முகாம்ல ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க, அது மலைக்கு ரொம்ப பொருந்தும். வளைவுல போகும்போது ரோட்டோட இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்துல ஒண்ணா சேர்ற மாதிரி ஒரு புள்ளி தெரியும் பாருங்க, அதுக்கு மேல ரோடு கண்ணுக்கு தெரியாது. அந்தப் புள்ளி உங்கள நோக்கி கிட்ட வர்ற மாதிரி இருந்தா வளைவு இறுகுது, வேகத்த கொறைங்க. அது விலகி விலகி போற மாதிரி இருந்தா வளைவு விரியுது. எப்பவும் அந்தப் புள்ளிக்குள்ள, உங்க பக்கத்துலயே நிறுத்த முடியற வேகத்துலதான் போகணும். பனின்னா அந்தப் புள்ளி பத்தடி தள்ளி வந்து நிக்குதுன்னு அர்த்தம், அப்ப வேகமும் அந்த பத்தடிக்கு தகுந்த வேகம்தான், வேல நேரத்துக்கு தகுந்த வேகம் இல்ல.

ஹை பீம் போடாதீங்க, பனில பட்டு உங்க கண்ணுக்கே வெள்ளையா திரும்பும், லோ பீம் போதும். முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்ட புடிச்சுட்டு ஒட்டிட்டு போறது ஆபத்து, அவர் நின்னா நீங்களும் அவருக்குள்ளதான். ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் ஆவி புடிச்சா ஒரு விரக்கட தொறந்து வைங்க.

ஜீப் விஷயம். வலது பக்கம் திரும்புற வளைவுல நம்மாளுங்க சுருக்கு வழியா நடுக்கோட்டுக்கு போயிடறாங்க, எதிர்ல வர்ற ஜீப்பும் நடுவுல வரும். உங்க சக்கரம் இடது பக்கத்துல இருந்தா மட்டும் போதாது, சாயும்போது உங்க தலையும் தோளும் கோட்ட தாண்டும், அதையும் சேத்து கணக்கு வைக்கணும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடிங்க. பஸ்ஸு திரும்புறதுக்கு ரோடு முழுசும் வேணும், அது திரும்பி முடிக்கிற வரைக்கும் கீழயே நில்லுங்க, இடுக்குல நொழையாதீங்க. மலைல ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குறவர் நின்னு வழி விடணும், அதுவும் சட்டத்துலயே இருக்கு, ஆனா எதிர்ல வர்றவருக்கு அது தெரியும்னு நம்பி நுழையாதீங்க.

கார்த்திகை மார்கழில சபரிமலை வண்டிங்க வரும், கூட்டம் ஜாஸ்தியானா கம்பம் மெட்டு வழியா ஏறி குமுளி வழியா எறங்குற மாதிரி ஒருவழி ஆக்குவாங்க. ராத்திரி முழுக்க தூங்காம வெளியூர்ல இருந்து ஓட்டிட்டு வர்ற டிரைவருங்க, இந்த வளைவு அவங்களுக்கு புதுசு. அந்த ரெண்டு மாசம் அரை மணி முன்னாடி கெளம்புங்க.

கேள்வி: பொம்பளைங்க அங்க போனா ஒரு மாதிரி இருக்காதா? (வாசகி, போடி)

ஒரு மாதிரி இருக்கல. நாப்பது பேர்ல ஆறு பேர் பொண்ணுங்க, பிரேக் பயிற்சில அந்த எஸ்.ஐ.யோட கூட நின்னு சொல்லிக் குடுத்ததே ஒரு பெண் காவலர்தான். கோனுக்கு நடுவுல மெதுவா ஓட்டுறதுல முதல் ஆளா வந்தது சத்துணவுல வேல பாக்குற ஒரு அக்கா. சேலையோட வர்றதா இருந்தா முந்தானைய சொருகிக்கணும், சேலை கார்டு கழட்டாம இருக்கணும், சுடிதார்னா ஷால நல்லா கட்டிக்கணும், இத மட்டும் பாத்துக்குங்க. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குற உங்களுக்கு அந்த கிரவுண்ட் பெரிய விஷயமே இல்ல.

கேள்வி: மலைல யாராவது அடிபட்டு கெடந்தா யாருக்கு போன் பண்றது, கேரளா போலீஸா நம்ம போலீஸா? தூக்கிட்டுப் போனா நம்ம மேல கேஸ் வருமா? (வாசகர், லோயர் கேம்ப்)

இந்தக் கேள்விய கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி. நாலஞ்சு வருசம் முன்னாடி ஒரு சாயங்காலம் கூடலூர் தாண்டி ஒரு பையன் விழுந்து கெடந்தான், சுத்தி இருபது பேர் நின்னாங்க, நானும் நின்னேன். எல்லைல நடந்ததால எந்த ஸ்டேசன் கேஸுன்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, ஒருத்தர் வாய்ல தண்ணி ஊத்தப் பாத்தாரு, ஒருத்தர் ஹெல்மெட்ட பிடுங்கப் பாத்தாரு. கடைசியா ஒரு கேரளா ஜீப்காரர்தான் "நிங்ஙள் மாறிக்கோ" (நீங்க விலகுங்க)ன்னு சொல்லி எறங்கி ஆம்புலன்ஸ கூப்பிட்டாரு. நான் ஏன் கூப்பிடலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு பதில் இல்ல.

108 ரெண்டு மாநிலத்துலயும் இருக்கு, 112 எங்க அடிச்சாலும் போகும். எல்லைல டவர் மாறி மாறி புடிக்கும், போன் அந்தப் பக்கத்து ஆளுக்கு போயிட்டாலும் பரவால்ல, எடத்த சொல்லுங்க, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு போற ரோடு, எத்தனாவது வளைவு, பக்கத்துல என்ன கோயில், என்ன கடை. எல்லைய அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க.

உதவி பண்றவங்க மேல கேஸ் வராது. 2016ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு விதிமுறைய உறுதி பண்ணுச்சு, 2019 திருத்தத்துல 134ஏன்னு சட்டத்துலயே சேத்துட்டாங்க. உங்க பேர சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சாட்சியா வான்னு வற்புறுத்த முடியாது, ஆஸ்பத்திரில உங்கள நிறுத்தி வைக்கவோ பணம் கட்டுன்னு கேக்கவோ கூடாது. தமிழ்நாட்டுக்குள்ள விபத்து நடந்தா அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டம், அதுல சேந்திருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் கெடைக்கும். அடிபட்டது மலையாளியா தமிழனான்னு யாரும் பாக்க வேண்டியதில்ல.

முகாம்ல அவங்க செஞ்சு காட்டுனது: முதல்ல பின்னாடி வர்ற வண்டிங்கள நிறுத்துங்க, வளைவுக்கு முன்னாடியே ஒரு ஆள் நின்னு கைய காட்டணும், இல்லன்னா அடுத்த விபத்து அங்கயே நடக்கும். மூச்சு நல்லா வந்துட்டு இருந்தா ஹெல்மெட்ட கழட்டாதீங்க, கண்ணாடிய மட்டும் தூக்கி விடுங்க, கழுத்து எலும்பு உடைஞ்சிருந்தா இழுக்கும்போது தண்டுவடம் போயிடும். ரத்தம் வர்ற எடத்துல சுத்தமான துண்ட வச்சு அழுத்திப் புடிங்க, அப்பப்ப எடுத்து எடுத்து பாக்காதீங்க. தண்ணி, டீ, சோடா எதுவும் வேணாம். ஆட்டோக்குள்ள மடக்கிப் போட்டு தூக்கிட்டு ஓடாதீங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கழுத்து அசையாம தலைய ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு பேச்சு குடுத்துட்டே இருங்க.

கேள்வி: இந்த முகாம் எங்க ஊர்ல எப்ப நடக்கும்? (நெறைய பேர் கேட்டது)

ஜனவரில சாலைப் பாதுகாப்பு மாசத்துல போலீஸும் ஆர்டிஓ ஆபீஸும் ஏதாவது நடத்துவாங்க, பெரும்பாலும் ஹெல்மெட் ஊர்வலம், நோட்டீஸ் குடுக்குறது. ஊர்வலம் வேணாம்னு சொல்லல, ஆனா நமக்கு வேணும்ங்கறது கிரவுண்ட்ல பிரேக் புடிச்சுப் பழகுற அந்த ரெண்டு மணி நேரம், மலை இறங்குறத சொல்லிக் குடுக்கற ஒரு மணி நேரம். அத கேட்டு வாங்கணும். உங்க தெருவுலயோ தோட்டத்துலயோ வண்டி ஓட்டுற இருபது முப்பது பேர் சேந்து, ஒரு கிரவுண்டையும் பேசி வச்சுட்டு, ஸ்டேசன் இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் குடுங்க. சபரிமலை சீசனுக்கு முன்னாடி, ஐப்பசிக்குள்ள வைங்கன்னு கேளுங்க, குமுளி பக்கம் உள்ளவங்களையும் சேத்துக்கலாமான்னும் கேளுங்க. கூடலூர்ல யாராவது எழுதிக் குடுக்கறதா இருந்தா என் கையெழுத்தும் அதுல இருக்கும், இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்க.